ஏழாம் துளையின் பங்குதாரர்கள்

ஜனவரி 9

என் குரலைக் கேட்டாலே காதைப் பொத்திக்கொள்ளும் அருமை மருமகளுக்கு,

உன் தாய்மாமன், வானத்தைத் தொடும் கட்டடங்களில் மனிதகுலத்தை ஏற்றி இறக்கிய முன்னாள் லிஃப்ட் மெக்கானிக், ஏழாம் துளைச் சிறு பங்குதாரர் சங்கத்தின் இன்றைய, நாளைய, நிரந்தரத் தலைவர் எழுதிக்கொள்வது. "போன்ல உங்க வாய்க்கு முன்னாடி நான் தோத்துடுவேன். எதுவா இருந்தாலும் காகிதத்துல எழுதி அனுப்புங்க" என்று சொல்லி என் எண்ணை நீ வெட்டிப்போட்டு எட்டு மாதம் ஆகிறது. சரி, எழுதுகிறேன். பேரரசர்கள் எல்லாம் எழுதித்தானே அனுப்பினார்கள்.

நம் கம்பெனி செத்துவிட்டது என்று நீ நினைத்துக்கொண்டிருப்பாய். ஊரே அப்படித்தான் நினைக்கிறது. மலையில் ஆறு துளை போட்டு ஆறிலும் வெறும் கல் வந்தபோது சிரித்தார்கள். ஏழாம் துளையில் தங்கம் என்று அறிவிப்பு வந்ததும் சிரித்த வாயாலேயே பங்கு வாங்கினார்கள். அதற்குப் பிறகு இரண்டு வருஷம் எட்டாவது துளைக்குப் பணமில்லை என்று கம்பெனி கையை விரித்ததும் மறுபடி சிரிக்கிறார்கள். விலை இப்போது பாட்டில் மூடி விலைக்கு வந்துவிட்டது. நீயும் சிரிக்கலாம், உன் பணமும் உள்ளே இருக்கிறது.

ஆனால் கேள். உண்மையான சுரங்கம் வைத்திருக்கும் ஒரு ராட்சசக் கம்பெனி நம் மலையை விலைக்குக் கேட்கிறது. ஒரே ஒரு நிபந்தனை. ஏழாம் துளையிலிருந்து எடுத்த கல்லை அவர்கள் தங்கள் பரிசோதனைக் கூடத்தில் பொடித்து, உருக்கி, தங்கம் எவ்வளவு என்று தாங்களே பார்க்க வேண்டுமாம். நியாயம்தானே. இதில் ஒரு சின்ன இடைஞ்சல். அந்தக் கல் கம்பெனியிடம் இல்லை. நம் சேர்மன் இருக்கிறாரே, கொளுத்தும் வெயிலிலும் கோட்டைக் கழற்றாத மகான், அவர் இரண்டு வருஷத்துக்கு முந்தைய பங்குதாரர் கூட்டத்தில் அந்தக் கல்லைத் துண்டு துண்டாக அறுத்து, நீல வெல்வெட் பெட்டியில் வைத்து, வந்தவர்களுக்கெல்லாம் நினைவுப் பரிசாகக் கொடுத்துவிட்டார். நீயும் ஒன்று வாங்கினாய். நான் வரிசையில் இரண்டு முறை நின்று இரண்டு வாங்கினேன். உலக வரலாற்றில் தன் புதையலின் ஒரே சாட்சியை பேப்பர் வெயிட்டாக்கி விநியோகம் செய்த முதல் கம்பெனி நம்முடையதுதான்.

அந்தக் கற்களைத் திரும்பச் சேகரிக்கும் பொறுப்பு, வேறு யார் தலையில் விழும், என் தலையில்தான். உன் துண்டை உடனே அனுப்பு.

அக்காவுக்கு என் நமஸ்காரம். அவள் என்னை என்னவெல்லாம் சொன்னாளோ, அதற்கும் நமஸ்காரம்.

இப்படிக்கு,
நிரந்தரத் தலைவர்


ஜனவரி 16

மாமாவுக்கு,

கடிதம் கிடைத்தது. நல்லவேளை, காகிதம் சத்தம் போடுவதில்லை.

கல்லை அனுப்ப முடியாது. அதைப் போன வருஷம் வீடு மாற்றும்போது எங்கேயோ போட்டுவிட்டேன். உங்கள் புதையலின் சாட்சி ஏதாவது குப்பை வண்டியில் போயிருக்கும்.

நீங்கள் ஒன்றை மறந்துவிட்டதுபோல எழுதுகிறீர்கள். நான் பங்கு வாங்கினது தங்க ஆசையால் இல்லை. பதினோரு வருஷமாக ஒரு கண்ணாடிக் கடையின் பின்னறையில் உட்கார்ந்து மற்றவர்கள் கண்ணுக்கு லென்ஸ் தேய்க்கிறேன். முதலாளி கை நடுங்க ஆரம்பித்ததும், "கடையை உனக்கே குடுத்துடறேம்மா, மெதுவா பணத்தைச் சேத்துக்கோ" என்றார். சேர்த்தேன். அந்தப் பணத்தைத்தான், "பேங்க்ல தூங்குற பணத்தைத் தட்டி எழுப்பணும் மருமகளே" என்று சொல்லி நீங்கள் மலையில் கொண்டுபோய்ப் புதைத்தீர்கள். அது இன்னும் தூங்குகிறது. எழுப்ப வழியில்லாத தூக்கம்.

இப்போது முதலாளி மார்ச் கடைசிக்குள் முடிவு சொல்லச் சொல்கிறார். பக்கத்துக் கடைக்காரன் மொபைல் உறை விற்க இடம் கேட்டு தினமும் வந்து நிற்கிறான். சுவரை அளந்துகூடப் பார்த்துவிட்டான். நான் உள்ளே வேலை செய்துகொண்டிருக்கும்போதே அளந்தான். என்னையும் சேர்த்து அளந்தானோ என்னவோ.

அம்மா உங்களைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. உங்கள் பேர் வந்தால் எழுந்து போய் பாத்திரம் கழுவுகிறாள். கழுவின பாத்திரத்தையே கழுவுகிறாள்.

சங்கம், தலைவர் என்றெல்லாம் எனக்கு எழுதாதீர்கள். ஏமாந்தவர்கள் வரிசையாக நின்றால் அதற்குப் பேர் சங்கம் இல்லை.


ஜனவரி 30

கல்நெஞ்சக்கார மருமகளுக்கு,

கல்லைத் தொலைத்தாய், மன்னித்தேன். நெஞ்சை மட்டும் பத்திரமாகக் கல்லாக வைத்திருக்கிறாய்.

வீடு வீடாகப் போய் கற்களை வசூல் செய்து முடித்தேன். உன் மாமன் என்ன பாடுபட்டான் தெரியுமா? இந்தச் சிறு முதலீட்டாளர் என்கிற ஜந்துவைப் பற்றி நான் ஒரு புத்தகமே எழுதலாம். அதைப் படிக்கத் தெரிந்த ஒருவர்கூட அவர்களில் கிடையாது என்பதால் விட்டுவிட்டேன்.

டயர்க்கடைக்காரர் கல்லைக் கொடுக்க மாட்டேன் என்று பெட்டியைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். ராட்சசக் கம்பெனிக்காரன் தன் கல்லிலிருந்து தங்கத்தை உறிஞ்சிக்கொண்டு சக்கையைத் திருப்பித் தருவானாம். பல் டாக்டர் கல்லை மீன் தொட்டிக்குள் போட்டிருந்தார். பாசி பிடித்து, பச்சைத் தேரை மாதிரி உட்கார்ந்திருந்தது. ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார் வீட்டில் அதற்குக் கண்ணும் மீசையும் வரைந்து பேரன் விளையாடுகிறான். வாத்தியார் மட்டும் தினமும் காலையில் பேரனிடம் அதைக் கடன் வாங்கித் தராசில் வைத்து எடை பார்ப்பாராம். எடை கூடியிருக்கிறதா என்று. இவர் நாற்பது வருஷம் பிள்ளைகளுக்குக் கணக்கு சொல்லிக்கொடுத்திருக்கிறார், நாடு எப்படி உருப்படும் சொல்.

எல்லாவற்றையும் ஒரு சாக்கில் போட்டுத் தூக்கி வந்து என் மேஜையில் கொட்டினேன். ஐயோ, அந்தக் காட்சி. எண்ணெய், பாசி, மீசை, எறும்பு. இதை அப்படியே கொண்டுபோய் வெளிநாட்டில் படித்த நிபுணர்கள் முன் வைத்தால் பங்குதாரர்களின் மானம் என்னாவது? கம்பெனிக்குத்தான் மானம் இல்லை, எங்களுக்குமா இல்லை?

அங்கேதான் உன் மாமனின் மூளை மின்னியது. நான் வேலை பார்த்த காலத்தில் லிஃப்ட்டில் மாட்டிக்கொண்ட ஒரு நகைப் பட்டறைக்காரரை வெளியே இழுத்துக் காப்பாற்றியிருக்கிறேன். அந்த நன்றிக்கடனை இப்போது வசூல் செய்தேன். அவர் பட்டறையில் ஆளை உட்காரவைத்து ஒவ்வொரு கல்லுக்கும் தனித்தனியாக மெருகு போட்டுக் கொடுத்தார்கள். மருமகளே, கண்ணாடி தோற்றது போ. பல் டாக்டர் தன் கல்லில் முகம் பார்த்துத் தலை சீவினார்.

பளபளவென்று எல்லாவற்றையும் கொண்டுபோய்ச் சேர்மனிடம் கொடுத்தேன். அவர் எண்ணிக்கூடப் பார்க்கவில்லை. கோட்டுப் பையிலிருந்து ஒரு கையை மட்டும் எடுத்து, "தேங்க்ஸ், தேங்க்ஸ்" என்றார். இரண்டு தேங்க்ஸ். என் இரண்டு கல்லுக்கு ஆளுக்கொன்று என்று எடுத்துக்கொண்டேன்.

தலைவர்


மார்ச் 4

மருமகளே! மருமகளே! மருமகளே!

காகிதம் சத்தம் போடாது என்றாயே, இதைக் காதருகே வைத்துப் பார்.

ரிசல்ட் வந்துவிட்டது. ஏழாம் துளையில் தங்கம் முதலில் சொன்னதைவிட மூன்று மடங்காம். நிபுணர்களே இரண்டு முறை உருக்கிப் பார்த்தார்களாம், நம்ப முடியாமல். விலை எழுந்த வேகத்தைப் பார்த்தால் என் வாழ்நாளில் நான் பழுது பார்த்த எல்லா லிஃப்ட்டையும் ஒன்றாகச் சேர்த்துக் கயிற்றை அறுத்து மேலே எறிந்ததுபோல இருக்கிறது. லிஃப்ட் கீழேதான் விழும் என்பாய். இது மேலே விழுகிறது.

டயர்க்கடைக்காரர் என் காலில் விழ வந்தார். கனத்த உடம்பு, பாதியில் நின்றுவிட்டார். கணக்கு வாத்தியார் தன் எடைக் கணக்கு சரிதான் என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறார். எல்லோரும் இன்னும் வாங்குகிறார்கள். நகையை வைத்து வாங்குகிறார்கள், வண்டியை விற்று வாங்குகிறார்கள். நேற்றுவரை பத்து வட்டிக்குக் கடன் வாங்கும்போதுகூடப் பத்திரத்தைப் படித்துப் பார்க்காத கூட்டம் இன்று நிலவியல் பேசுகிறது.

உன் கடை வந்துவிட்டது போ. கடை என்ன கடை, அந்தத் தெருவையே வாங்கு. சுவரை அளந்தவனை வாசலில் நிறுத்திச் செருப்பு பார்த்துக்கொள்ளச் சொல்.

அக்காவிடம் சொல், பாத்திரங்களுக்கு இனி விடுமுறை என்று.

நிரந்தரத் தலைவர்
(நிரந்தரம் என்பதைக் கவனி)


மார்ச் 8

மாமா,

விலையைப் பார்த்தேன். கடைக்கு வேண்டியது வந்து, அதற்கு மேலும் இருக்கிறது. முதலாளியிடம் இன்னும் ஒன்றும் சொல்லவில்லை. பங்கை விற்கவும் இல்லை. காரணம், உங்கள் ஜனவரிக் கடிதத்தை எடுத்து மறுபடி படித்தேன்.

நகைப் பட்டறையில் மெருகு போட்டதாக எழுதியிருக்கிறீர்கள். எந்தச் சக்கரத்தில் போட்டார்கள்? கல்லுக்கென்று புதுச் சக்கரம் மாட்டினார்களா, இல்லை, வளையலும் சங்கிலியும் தேய்க்கிற அதே சக்கரமா?

நான் லென்ஸ் தேய்க்கிறவள். ஒரு வேலைக்குப் போட்ட துணியை இன்னொரு வேலைக்குப் போட்டால் முதல் வேலையின் தூள் இரண்டாவது வேலையில் ஏறிக்கொள்ளும் என்பது நான் முதல் வாரத்திலேயே திட்டு வாங்கிக் கற்றுக்கொண்ட விஷயம். தங்கம் தேய்த்த சக்கரத்தில் தங்கம் இருக்கும். கல்லில் மயிரிழை விரிசல் இருக்கும். மெருகுப் பசை அதற்குள் போய் உட்கார்ந்தால் கழுவினாலும் வராது. அவர்கள் தேடுவது ஒரு மூட்டை கல்லுக்கு ஒரு சிட்டிகைத் தங்கம். அந்தச் சிட்டிகையை உங்கள் பட்டறைக்காரர் நன்றிக்கடனாகவே கொடுத்திருப்பார்.

வேடிக்கை பேசாமல் பதில் எழுதுங்கள். எந்தச் சக்கரம்?


மார்ச் 11

மருமகளுக்கு,

அதே சக்கரம்தான்.

பட்டறைக்குப் போய்க் கேட்டேன். பட்டறைக்காரர் சிரித்தார். "ஒரு நாள் வேலை முடிஞ்சா தரையைப் பெருக்கி, அதுல இருக்குற தங்கத் தூளுக்காக அந்தக் குப்பையையே ஒருத்தன் காசு குடுத்து வாங்கிட்டுப் போறான் சார். உங்க கல்லுல ஒட்டினதுக்கு நான் பில்லு போடல" என்றார். போட்டிருக்க வேண்டும். போட்டிருந்தால் அன்றைக்கே புரிந்திருக்கும்.

ஆக, உலகில் முதன்முதலாக ஒரு மலைக்குத் தங்கம் கொடுத்த மனிதன் உன் மாமன். மற்றவர்கள் எல்லாம் எடுக்கத்தான் செய்தார்கள்.

இப்போது நிதானமாகக் கேள். இது உனக்கும் எனக்கும் மட்டும்தான் தெரியும். நீ முதலில் விற்றுவிடு. இன்றைக்கே விற்றுவிடு. பணம் கைக்கு வந்ததும் ஒரு வரி எழுது. மறுநாள் காலை நான் கூட்டத்தைக் கூட்டி, நெஞ்சை நிமிர்த்தி, எல்லா உண்மையையும் சொல்கிறேன். என் பங்கு எனக்கு வேண்டாம், தொலையட்டும். உன் பணம் நான் தொலைத்தது. அதை எடுத்துக்கொடுக்க இதைவிட்டால் வேறு வழி எனக்கு இல்லை.

சேர்மன் செய்த பாவத்துக்கு நீ ஏன் நஷ்டப்பட வேண்டும்?

மாமா


மார்ச் 13

மாமாவுக்கு,

நல்ல யோசனை. நான் விற்றால் யார் வாங்குவது? அந்த ராட்சசக் கம்பெனியா? டயர்க்கடைக்காரர் வாங்குவார். பேரனிடம் கல்லைக் கடன் வாங்கி எடை போட்டவர் வாங்குவார். மறுநாள் காலை நீங்கள் நெஞ்சை நிமிர்த்தி, நேற்று நீங்கள் வாங்கியது குப்பை, அதை விற்றது என் மருமகள் என்று சொல்வீர்கள். இல்லை, பின்பாதியைச் சொல்ல மாட்டீர்கள்.

அந்தச் சேர்மன் கல்லை அறுத்து விநியோகம் செய்தது மடத்தனம். ஆனால் அவன் தெரியாமல் செய்தான். நீங்கள் என்னைத் தெரிந்தே செய்யச் சொல்கிறீர்கள், அதையும் பாசம் என்று பேர் வைத்து.

எனக்குக் கடை வேண்டும் மாமா. எவ்வளவு வேண்டும் என்று உங்களுக்குத் தெரியாது. அந்தப் பின்னறையில் ஜன்னல் கிடையாது. உங்கள் பதிலைப் படித்துவிட்டு விற்கும் பொத்தான் மேல் விரலை வைத்துக்கொண்டு ஒரு மதியம் முழுக்க உட்கார்ந்திருந்தேன். அதற்காகவும் உங்கள் மேல் கோபம்.

முதலில் பரிசோதனைக் கூடத்துக்குக் கடிதம் எழுதுங்கள், பட்டறை, சக்கரம், எல்லாம் விவரமாக. நகலை எனக்கு அனுப்புங்கள். பிறகு கூட்டத்தில் எல்லோர் முன்னாலும் சொல்லுங்கள். அதற்குப் பிறகு என் பங்கு என்ன விலைக்குப் போகிறதோ போகட்டும். பூஜ்யத்துக்குப் போனால் மொபைல் உறை விற்கிறவனிடம் வேலைக்குச் சேர்ந்துகொள்கிறேன். கடையின் அளவு அவனுக்கு அத்துப்படி.


மார்ச் 19

உத்தமி மருமகளுக்கு,

உன் கட்டளைப்படி பரிசோதனைக் கூடத்துக்குப் பதிவுத் தபாலில் எழுதிவிட்டேன். நகல் இத்துடன். பட்டறைக்காரரின் கையெழுத்தும் வாங்கிப் போட்டிருக்கிறேன். அவர் இனி எந்த லிஃப்ட்டில் மாட்டினாலும் என்னைக் கூப்பிட மாட்டார்.

கூட்டமும் நடந்தது. திருமண மண்டபத்தில், வாடகை நாற்காலியில். மேடையேறி, தொண்டையைச் செருமி, ஆதியோடந்தமாகச் சொன்னேன். ஒரு வார்த்தை ஜோடிக்கவில்லை. என் ஆயுளில் நான் மிகைப்படுத்தாமல் பேசிய ஒரே பேச்சு அது.

ஒருத்தரும் நம்பவில்லை.

முதலில் சிரித்தார்கள், நான் தமாஷ் செய்கிறேன் என்று. பிறகு டயர்க்கடைக்காரர் எழுந்தார். "விலையை இறக்கிட்டு அடிமாட்டு விலைக்கு நம்ம பங்கை வாங்கப் பாக்குறாரு. எவ்வளவு வாங்கினீங்க தலைவரே, அந்தப் பெரிய கம்பெனிக்காரங்கிட்ட?" என்றார். கைதட்டல். பல் டாக்டர், என் பல்லைப் பிடுங்கிய அதே ஆள், என்னை "பெய்டு ஆளு" என்றார். கணக்கு வாத்தியார் கரும்பலகை கேட்டார். ஒரு சக்கரத்தில் எவ்வளவு தங்கம் ஒட்டும், ஒரு கல்லில் எவ்வளவு ஏறும் என்று விரலிலேயே பெருக்கி, மலையில் தங்கம் இருந்தால்தான் இந்தக் கணக்கு வரும் என்று நிரூபித்தார். அவர் பெருக்கிய வேகத்தைப் பார்த்துப் பெண்கள் பக்கத்திலிருந்து ஒரு ஆஹா வந்தது.

என்னைத் தலைவர் பதவியிலிருந்து நீக்க ஏகமனதாகத் தீர்மானம். எழுதி வைத்துக்கொள், ஏகமனதாக. நானே பழக்கதோஷத்தில் கையைத் தூக்கிவிட்டேன்.

அன்று மாலையே சேர்மன் அறிக்கை விட்டார், "அடிப்படையற்ற வதந்தி" என்று. வதந்தி என்றதும் விலை இன்னும் ஏறிவிட்டது. யாரோ மறைக்கப் பார்க்கிறார்கள் என்றால் உள்ளே ஏதோ இருக்கிறது என்று அர்த்தமாம். இந்தக் கூட்டத்தைக் கடவுளே வந்து காப்பாற்ற முடியாது. அவரிடமும் எவ்வளவு கமிஷன் என்று கேட்பார்கள்.

ஒன்று மட்டும் என்னை அரிக்கிறது. வாத்தியார் கணக்கில் ஓர் இடம். என் கல் இரண்டும் தேய்ந்தது கொஞ்ச நேரம்தான். அந்தக் கொஞ்ச நேரத்தில் அவ்வளவு ஏறுமா? முதல் பரிசோதனையிலும் தங்கம் வந்ததே, அப்போது சக்கரம் ஏது? கேள்விக்காகக் கேட்கிறேன், வேறொன்றுமில்லை.

முன்னாள் நிரந்தரத் தலைவர்


மார்ச் 22

மாமா,

நகல் கிடைத்தது. கூடத்துக்கு நீங்கள் எழுதியிருக்கும் கடிதம் நன்றாக இருக்கிறது. இப்படியே நீங்கள் எப்போதும் எழுதியிருந்தால் நம் வீட்டில் சண்டையே வந்திருக்காது.

முதல் பரிசோதனையில் வந்த தங்கத்தைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். அது கோட்டுக்காரர் சொன்ன தங்கம். யார் பார்த்தது? தயவுசெய்து அந்த வழியில் போகாதீர்கள்.

வியாழக்கிழமை காலை விற்றுவிட்டேன். எல்லாவற்றையும்.

நான் நல்லவள் என்று சொல்லிக்கொள்ள மாட்டேன். நீங்கள் மேடையில் சொல்லிவிட்டீர்கள். கம்பெனிக்காரனே அதை அச்சடித்து மறுத்துவிட்டான். கேட்கக் காது இருந்தவர்களெல்லாம் கேட்டுவிட்டார்கள். அதற்கு மேலும் வாங்குகிறவனுக்கு நான் என்ன செய்வது, வீடு தேடிப் போய்க் கையைப் பிடிக்கவா? இப்படியெல்லாம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். சொல்லி முடித்தபிறகும் பொத்தானை அழுத்தும்போது கை கூசியது. கொஞ்சம் கொஞ்சமாகப் போகும் என்று நினைத்தேன். போட்ட மாத்திரத்தில் மொத்தமும் ஒரே கையில் போய்விட்டது. யாரோ ஒரு ஆள், வாயைத் திறந்து வைத்துக் காத்திருந்தவன் மாதிரி. அந்த மனிதனுக்காகக் கொஞ்ச நேரம் வருத்தப்பட்டேன். பிறகு, இவ்வளவு கேட்டும் வாங்குகிறவன் எப்படிப்பட்ட ஜடமாக இருப்பான் என்று நினைத்ததும் வருத்தம் போய்விட்டது.

முதலாளிக்கு முன்பணம் கொடுத்துவிட்டேன்.


மார்ச் 22

அருமை மருமகளுக்கு,

நீ இதைப் படிக்கும்போது திட்டுவாய். திட்டிவிட்டு மேலே படி.

இரண்டு நாள் யோசித்தேன். ஒரு மண்டபம் நிறைய ஆட்கள் ஒரு பக்கம், நான் ஒருவன் மறுபக்கம். நான் என்ன நிபுணனா? லிஃப்ட் மெக்கானிக். ஒரு பட்டறைக்காரர் சிரித்ததையும் ஒரு லென்ஸ் தேய்க்கிற பெண் எழுதியதையும் வைத்துக்கொண்டு ஒரு மலையையே பொய் என்று சொல்லிவிட்டேனே. விலை ஏறிக்கொண்டே போகிறது. அவ்வளவு பேர் காரணமில்லாமலா வாங்குவார்கள்?

ஆக, என் ஓய்வுக்கால டெபாசிட்டை உடைத்தேன். எனக்காக இல்லை. உன் பிடிவாதம் எனக்குத் தெரியும். நீ விற்கமாட்டாய், கடை கைவிட்டுப் போகும். இன்னும் கொஞ்சம் ஏறினதும் விற்று, கடைக்கான பணத்தை முதலாளி கையில் நேராகக் கொடுத்து, சாவியை வாங்கி, உன் வாசலில் வந்து நின்று உன் வாயை அடைக்கலாம் என்று திட்டம்.

இன்னொரு அதிர்ஷ்டம். வியாழக்கிழமை காலையில் யாரோ ஒருத்தன் தன்னிடமிருந்ததை எல்லாம் மொத்தமாகக் கொண்டுவந்து கொட்டினான். எந்த மடையன் இந்த நேரத்தில் விற்கிறான் என்று சிரித்துக்கொண்டே அவ்வளவையும் நானே அள்ளிவிட்டேன்.

மாமா


ஏப்ரல் 2

மருமகளுக்கு,

உன் கடிதம் வந்தது. வியாழக்கிழமை என்று எழுதியிருந்த இடத்தை நாலைந்து தடவை படித்தேன்.

நேற்று ரிசல்ட்டும் வந்துவிட்டது. என் கடிதத்தைப் பார்த்ததும் கூடத்துக்காரர்கள் மிச்சமிருந்த கற்களின் மேல்தோலை அறுத்து எறிந்துவிட்டு உள்ளே இருந்ததை மட்டும் உருக்கினார்களாம். ஒன்றுமில்லை. ராட்சசக் கம்பெனி போய்விட்டது. சேர்மன் ராஜினாமா, வெயிலாக இருக்கிறது என்று காரணம் சொல்லாததுதான் பாக்கி. விலை என்ன என்று நான் பார்க்கவில்லை.

டயர்க்கடைக்காரர் வாசலில் வந்து நின்று, நான் கடிதம் போட்டதால்தான் தங்கம் போய்விட்டது என்று சத்தம் போட்டார். வழக்கமாக இருந்தால் உள்ளே கூப்பிட்டு இரண்டு மணி நேரம் வாதாடுவேன். கதவைச் சாத்திக்கொண்டேன்.

அக்காவிடம் சொல்லாதே. ஒரு விதத்தில் நல்லதுதான். நான் தொலைத்த உன் பணம் உன்னிடமே வந்துவிட்டது. கணக்கு சரி. எனக்கு லிஃப்ட் வேலை தெரியும், யாராவது கூப்பிடுவார்கள்.

மாமா


ஏப்ரல் 6

மாமாவுக்கு,

அம்மாவிடம் சொல்லிவிட்டேன். பாத்திரம் கழுவப் போகவில்லை. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். இருமல் வருகிறவரை சிரித்தாள். பிறகு, "அவன் சாப்பிட்டானான்னு கேளு" என்றாள். கேட்டுவிட்டேன்.

கணக்கு சரி என்று எழுதியிருக்கிறீர்கள். கணக்கு வாத்தியாரிடம் பழகின தோஷம். நான் உங்களை நம்பிப் போட்டது கொஞ்சம். நீங்கள் அன்று காலை எனக்குக் கொடுத்தது அதைவிட நிறைய. இந்தக் கடையின் கதவு, அலமாரி, கண் பார்க்கிற மெஷின் எல்லாம் உங்கள் டெபாசிட்டில் வாங்கினது. இதை எழுதவே எனக்கு எரிச்சலாக இருக்கிறது. யோசித்துப் பார்த்தால், உலகத்தில் இத்தனை முட்டாள்கள் இருக்க, நான் வருத்தப்பட்ட அந்த ஒரு ஜடம் நீங்களாகத்தானா இருக்க வேண்டும்?

திருப்பிக் கொடுத்தால் மறுபடி எந்த மலைக்குக் கொண்டுபோவீர்கள் என்று எனக்குத் தெரியும். அதனால் பணமாகத் தர மாட்டேன். கடையில் பாதி உங்களுடையது. பத்திரம் எழுதியாகிவிட்டது, ஒரு கையெழுத்து போட்டால் போதும். படித்துப் பார்த்துப் போடுங்கள், வாழ்க்கையில் ஒரு தடவையாவது.

நிபந்தனைகள் உண்டு. நீங்கள் தலைவர் கிடையாது. வருஷக் கூட்டம் கிடையாது, பரிசு கிடையாது, மேடை கிடையாது. கண்ணாடி வாங்க வருகிறவர்களிடம் தங்கம், மலை, லிஃப்ட் மூன்றையும் பற்றிப் பேசக் கூடாது. காலை ஒன்பதுக்குக் கடை திறக்கும். முதல் ஆள் நீங்கள். லாபம் வந்தால் பாதி. வராத மாதம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ளாமல் உட்கார்ந்திருக்க வேண்டும்.

முக்கியமான ஒன்று. இந்தப் பங்கை விற்க முடியாது. வக்கீலிடம் கேட்டு, அப்படித்தான் எழுத வைத்தேன்.

உங்கள் எண்ணை மறுபடி சேர்த்துவிட்டேன். எப்போது வருகிறீர்கள் என்று சொல்ல மட்டும் கூப்பிடுங்கள்.